காலிக் கப்

அமெரிக்காவின் துலூத் நகரத்து ஓட்டலில் முப்பத்தொரு வருடம் காபி ஊற்றியவள் மார்லிஸ். டிசம்பர் வந்தால் தினமும் மத்தியானம் தங்கை வெர்னாவோடு உட்கார்ந்து டிவியில் கிறிஸ்துமஸ் காதல் படம் பார்ப்பாள். எல்லாம் ஒரே கதைதான். நகரத்துப் பெண் சொந்த ஊருக்கு வருவாள். கடைசியில் பனி விழும், முத்தம் கொடுப்பார்கள்.

"அவ கையில இருக்கிற கப்பைப் பாரு, காலி. எப்படி ஆட்டிக்கிட்டு நடக்கிறா," என்றாள் மார்லிஸ், திரையில் வந்த கதாநாயகியைக் காட்டி.

"வருஷா வருஷம் இதே பாட்டு. முடிவு தெரிஞ்ச கதைன்னுதானே பார்க்கிறேன், நிம்மதியா பார்க்க விடுக்கா."

விளம்பர இடைவேளையில் மார்லிஸ் ஒரு கப் காபி ஊற்றி வந்து டிவி முன்னால் டக்கென்று வைத்தாள். "இந்தா, குடி," என்றாள் திரையைப் பார்த்து.

படம் தொடர்ந்தது. கதாநாயகி கப்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். கப்பில் ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். பிறகு வழக்கம்போல் பனி, முத்தம்.

டிவி முன்னால் இருந்த கப் காலியாக இருந்தது. விளிம்பில் சிவப்பு உதட்டுச்சாயம். சகோதரிகள் இருவருக்கும் சாயம் பூசும் பழக்கம் கிடையாது.

"சரிக்கா," என்றாள் வெர்னா. "இத்தனை வருஷமும் காலிதான்."

மார்லிஸ் பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்த கப்புகளை எல்லாம் டிவி முன்னால் வரிசையாக வைத்தாள்.

"நாலு மணிப் படத்துல குடும்பமே வருதுடி."