எடை மேடைக்கு நாலடி முன்னால்

பருவத்தின் கடைசிப் பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, முதலாவதாக வந்த ஓட்டுநரை அவருடைய தலைமை மெக்கானிக் எடை மேடைக்கு நாலடி முன்னால் முகத்தில் குத்தினார்.

மூக்கெலும்பு முறிந்த சத்தம், மேடைக்குப் பின்னால் பேனாவோடு நின்றிருந்த எடை அதிகாரிக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்த குத்தில் ஒரு பல் தெறித்து அவருடைய மேசைக்கடியில் உருண்டது.

"டயர் தேஞ்சிருச்சு, உள்ள வாடான்னு அஞ்சு தடவ கத்துனேன். காதுல வாங்குனியா?" மெக்கானிக், கீழே விழுந்தவரின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தார். "வெடிச்சிருந்தா என் தங்கச்சி கதி என்ன? கோப்பை கேக்குதா உனக்கு?"

ஓட்டுநர் கையைக்கூடத் தூக்கவில்லை. காரைவிட்டு இறங்கும்போதே தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அது தலையில் இருந்திருந்தால் உடைந்திருப்பது மெக்கானிக்கின் கைதான்.

சக்கரங்கள் வெளியே துருத்தி நிற்கும் கார்கள் அவை. உரசினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். அன்று மூன்று கார்கள் அப்படி ஏறிச் சுவரில் சிதறின. அங்கெல்லாம் பார்க்காத ரத்தத்தை அதிகாரி இப்போது தன் காலடியில் பார்த்தார்.

திடல் காவலர்கள் இரண்டு பேர் மெக்கானிக்கைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். முழங்கை பட்டு ஒருவருக்கு உதடு கிழிந்தது. "மச்சான் மாப்பிள்ளை சண்டையாம். நடுவுல போனது நம்ம தப்பு" என்று அவர் சிவப்பாகத் துப்பினார்.

ஓட்டுநரின் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து மண்டியிட்டாள். "அண்ணா, நீ எல்லாம் மனுஷனா?" என்று கத்திவிட்டுக் கணவனின் வாயருகே தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோனாள். அதிகாரி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார்.

"எடை போடறதுக்கு முன்னாடி ஒரு சொட்டுகூடக் கூடாதும்மா. புது விதி."

"அப்ப இங்க கொட்டிக் கிடக்குற ரத்தத்துக்கு என்ன எடை போடுவீங்க?"

அதிகாரி பிடியை விடவில்லை. எடை குறைந்தால் கார் வேகமாக ஓடும் என்று ஓட்டுநர்கள் பட்டினி கிடந்து மயங்கி விழுந்ததால், அந்த வருஷம் வந்த விதி அது. பந்தயம் முடிந்ததும் உடையோடும் கவசத்தோடும் எழுபத்திரண்டு கிலோ இருக்க வேண்டும். நூறு கிராம் குறைந்தாலும் வெற்றி ரத்து. அப்படி இரண்டு வெற்றிகளை அவரே ரத்து செய்திருக்கிறார். அதில் ஒருவர் இதே மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டியவர் அவர். பந்தயத் திடலில் அவருக்குத் தராசு என்றுதான் பெயர்.

கீழே கிடந்தவருக்கு ஊசி என்று பெயர். ஆள் அவ்வளவு ஒல்லி. இன்று ஜெயித்தால்தான் அடுத்த வருஷம் கார், இல்லாவிட்டால் வேறு பிழைப்பைப் பார் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா வந்து விலாவைத் தொட்டதும் ஓட்டுநர் துடித்தார். "ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டே நிமிஷம், டாக்டர். புடிச்சு நிக்க வச்சுட்டீங்கன்னா போதும்" என்றார் அதிகாரி.

"நிக்க வைக்கறதா? ஒடஞ்ச எலும்பு நுரையீரல்ல குத்துனா நீங்க பொறுப்பா? டாக்டர் தூக்கிட்டுப் போனா காலைல போட்ட எடையே கணக்குன்னு உங்க விதியிலயே இருக்கு. போய்ப் படிங்க."

இருந்தது. இருபத்தெட்டாம் பக்கம். அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். இரண்டாவதாக வந்தவர் ரத்தத்தைத் தாண்டி மேடையில் ஏறினார். காலையில் எழுபத்தாறு இருந்தவர், இப்போது எழுபத்து மூன்று. அதிகாரி குறித்துக்கொண்டார். அன்றைய வெயில் அப்படி.

நாலரை மணிக்கு விசாரணைக் குழு மெக்கானிக்குக்கு இரண்டு வருஷத் தடை விதித்தது. அவர் உடனே கையெழுத்துப் போட்டார். ஊசியின் பெயருக்கு நேரே காலை எடை எழுபத்து நாலு என்று எழுதி, அதிகாரியும் கையெழுத்துப் போட்டார்.

நலம் விசாரிக்க மருத்துவ அறைக்குப் போனார். மூக்கு, இரண்டு விலா எலும்பு, ஒரு பல் என்று டாக்டரம்மா கணக்குச் சொன்னார். போலீஸில் புகார் எழுதித் தரச் சொல்லி ஒரு காவலர் கட்டிலருகே நின்றிருந்தார்.

"புகாரெல்லாம் வேணாங்க" என்றார் ஓட்டுநர், பஞ்சு அடைத்த மூக்கோடு. "வீட்டு விஷயம். மச்சான வரச் சொல்லுங்க."

"அடி வாங்குனது நீங்க. நீங்களே கூப்புடுறீங்களா?" என்றார் அதிகாரி.

"வேற யாரு சார் கூப்புடுவா?"

அத்தனை வருஷத்தில் அதிகாரி எடை போட்ட ஆட்களில் இப்படி ஒரு மனசைப் பார்த்ததில்லை. காவலர்களிடம் தானே பேசி, மெக்கானிக்கைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்.

"நல்ல மனுஷன் அவரு. கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேளுங்க" என்று சொல்லி அறைக்குள் அனுப்பிவிட்டு, திரைக்கு வெளியே நின்றார்.

ஒலிபெருக்கி இறுதி முடிவை அறிவித்தது. முதலிடம் ஊசிக்கு. எதிர்ப்புத் தெரிவிக்கும் நேரம் முடிந்துவிட்டது, முடிவில் இனி மாற்றமில்லை.

உள்ளே பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெக்கானிக்கின் குரல், மெதுவாக:

"இப்பக் குடிங்க மாப்ள, இனிமே எடை போட மாட்டாங்க."