தோளில் மிஞ்சிய கை

அச்சு ஸ்கிரீனின்மேல் சாயம் தள்ளும் ரப்பர் பட்டையைப் பாதி இழுத்திருந்தபோது கதவு தட்டப்பட்டது.

நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் சாயம் ஸ்கிரீனின் வலைக்கண்களில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டையைக் கடைசிவரை இழுத்தாள்.

மறுபடியும் தட்டல். மெதுவாக, விரல் கணுவால்.

மாடியேறி வருகிறவர் கீழ்க்கடைத் தையல்காரர் ஒருவர்தான். முதல் படியில் கால் வைக்கும்போதே "சாயக்காரம்மா!" என்று ஊரைக் கூட்டிவிடுவார். இந்தத் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தட்டியவர் குரல் கொடுக்கவில்லை.

அவள் ஸ்கிரீனைத் தூக்கினாள். மேசையில் விரித்துக் குத்தியிருந்த துணியில், ஈரம் மினுங்க ஒரு குடும்பப் படம்.

கணவன் வீட்டிலிருந்து ஓடிவந்தபோது கைப்பையில் கிடந்த ஒரே புகைப்படம் அது. அதைக் கணினியில் ஏற்றிக் கணவனை வெட்டியெடுத்தாள். அவன் நின்ற இடத்தை இலைகளால் நிரப்பினாள். தன் முகத்தின்மேல் மரப்பட்டையின் கோடுகளை ஏற்றினாள். பெற்ற தாய் வந்து பார்த்தாலும் தெரியாது என்ற தைரியத்தில், நிறம் மாற்றி மாற்றி அச்சடித்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு கலைப்பொருள் கடைக்குக் கொடுத்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் அந்தப் படத்தில் இல்லாமல் போவதைப் பார்க்க அவளுக்கு வேண்டியிருந்தது.

"கதவத் திறம்மா. நான்தான்."

மாமியாரின் குரல்.

மகன் துணையில்லாமல் அந்த அம்மாள் வாசல் தாண்டியதே கிடையாது. மருந்துக்கடைக்குப் போனாலும் அவன் முன்னால், அவள் பின்னால். அவள் வந்திருக்கிறாள் என்றால் அவனும் வந்திருக்கிறான். படி திரும்புகிற இடத்தில் சுவரோடு சுவராக நிற்பான். இல்லையென்றால் தெருமுனையில், வண்டியை அணைக்காமல்.

அவன் கை ஓங்கிய நாட்களில் மாமியார் செய்தது ஒன்றுதான். சமையலறைக்குப் போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுவாள். இங்கே அடி நின்ற பிறகுதான் அங்கே தண்ணீர் நிற்கும். குறுக்கே ஒரு வார்த்தை வந்ததில்லை. அப்படிப்பட்டவளைத்தான் இப்போது தூண்டில் புழுவாக அனுப்பியிருக்கிறான்.

ஓடலாமென்றால் பின்வழி இல்லை. ஜன்னலில் கம்பி. திறக்காமலே இருந்துவிடலாம், ஆனால் அவனே ஏறிவந்தால் இந்தக் கதவு எத்தனை உதை தாங்கும்?

தாழ்ப்பாளை விலக்கினாள்.

மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே நுழைந்ததும் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். குனிந்து கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். நேரே ஜன்னலுக்குப் போய்த் திரையை விரலிடை அளவு விலக்கித் தெருவைப் பார்த்தாள்.

அவனுக்குச் சைகை காட்டுகிறாள்.

மருமகள் மேசைமேல் கையைத் துழாவினாள். அகப்பட்டது அந்த ரப்பர் பட்டைதான். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாயம் முழங்கை வரைக்கும் வழிந்தது.

"அவர் கீழ நிக்கிறாரா, அத்த?"

மாமியார் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து, தோளில் மாட்டியிருந்த பையை மேசை ஓரத்தில் வைத்தாள். அதிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறி விரித்தாள்.

மருமகள் அச்சடித்த துணி. கலைப்பொருள் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது.

மாமியாரின் விரல் இலைகளைத் தாண்டி, மரப்பட்டை முகத்தைத் தாண்டி, கீழே இறங்கித் தோளில் நின்றது. அங்கே ஒரு கை மிஞ்சியிருந்தது. புகைப்படத்தில் மருமகளின் தோளைப் பிடித்தபடி ஓரமாக நின்றவள் மாமியார். அவளையும் வெட்டியாகிவிட்டது. கையை எடுத்தால் மட்டும் என்னவோ படம் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்ததால் அதை விட்டுவைத்திருந்தாள். சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்த கை. கதவிடுக்கில் மாட்டி ஒடிந்தது என்று அந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

மாமியார் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நேத்து அவன்கூட அந்தக் கடைப் பக்கம் போனேன். நல்ல வேள, போன்ல பேசிக்கிட்டே வந்தான். செருப்பு அறுந்த மாதிரி கண்ணாடிய மறைச்சுக்கிட்டு நின்னுட்டேன். இன்னிக்குத் தனியா வந்து இத வாங்கிக்கிட்டு, யார் போட்டதுன்னு கேட்டா, கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே உன் விலாசத்த சொல்றாரு. அவன் கேட்டா சொல்ல மாட்டாரா?"

"மூஞ்சிதான் மாத்திட்டேனே, அத்த. அவருக்கு எப்படித் தெரியும்?"

"இந்த விரல ஒடச்சவனுக்கு இது யார் கைன்னு தெரியாதா?"

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். மெஷின் திரும்ப ஓடியது.

மருமகள் பட்டையைக் கீழே வைத்தாள்.

மாமியார் பையைத் தன் பக்கம் இழுத்து, மீதியையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். இரண்டு மாற்றுத்துணி. மாத்திரை டப்பா. காகிதத்தில் சுற்றிய பல் பிரஷ்.

"சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து வீட்டத் திறப்பான்," என்றாள். "அப்புறம் ரெண்டு பேரத் தேடுவான்மா."