ஆறெழுத்து

"பிகின்" என்று படித்தார் புரூமே. ஆரம்பம் என்று அர்த்தமும் சொன்னார்.

என் மனைவி அக்பெவ்வே பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

எதன் ஆரம்பம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. மூன்று வாரம் முன்பு ஊசி வைத்து, சோதனைக்கு என்று அதில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். இன்று காலை அதன் முடிவு என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து, டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள்.

தாளில் எல்லாமே அச்சு. முடிவு என்ற கட்டத்தில் மட்டும் பேனாவால் ஒரே ஒரு சொல். தண்ணீரில் விழுந்த எறும்பு கரையேறி நடந்த மாதிரிக் கையெழுத்து.

புரூமே பக்கத்து பெஞ்சுக்காரர். கழுத்தில் டை, சட்டைப் பையில் மூன்று பேனா. எந்த ஆபீசோ, தலைமை குமாஸ்தா என்றார். வாரி நகரத்தில் தனக்குத் தெரியாத கையெழுத்தே கிடையாதாம். அதனால்தான் அக்பெவ்வே தாளை அவரிடம் நீட்டினாள். என்னிடம் நீட்டவில்லை. நியாயம்தான். நான் துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன். முப்பத்தெட்டு வயதில்தான் எழுத்தே படித்தேன்.

தாளைக் கேட்டு வாங்கினேன்.

"அண்ணே, மூட்டைமேல அச்சடிச்சிருக்கிறது வேற, டாக்டர் எழுதுறது வேற" என்றார், என் வேலையை முன்பே விசாரித்துவைத்திருந்த புரூமே. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். அவர் சொன்னது பாதி உண்மை. சின்ன எழுத்துகளை மூட்டையைப் பார்த்துத்தான் கற்றேன். பெரிய எழுத்துகளைக் கற்றது சரக்குக் கொட்டகையில், எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கட்டுகிற ஸ்கிராபிள் பலகையில். மதியம் சாப்பாட்டு மணி அடித்தால் எங்கள் ஆட்கள் அதைச் சுற்றித்தான் உட்காருவார்கள். பதினோரு வருஷமாக நானும் உட்காருகிறேன். இப்போது என் எதிரே உட்காரத்தான் ஆள் கிடைப்பதில்லை.

தாளை முழங்காலில் வைத்துத் தடவினேன். சொல்லைப் படிக்கப் போகவில்லை. எண்ணினேன்.

முதலில் ஒரு கொம்பு, அதன் வலப்பக்கம் வயிறு. அது பி. கீழே தொங்குகிற வால் ஒன்றே ஒன்று. அது ஜி. பிகின் என்றால் கொம்புக்கும் வாலுக்கும் நடுவே ஒரே எழுத்துதான் இருக்க வேண்டும். இங்கே நடுவில் ஒரு சுழி, இரண்டு மேடு, ஒரு புள்ளி. புள்ளி வாலுக்கு முன்னால் நிற்கிறது. வாலுக்குப் பின்னால் மறுபடி இரண்டு மேடு, அதோடு முடிந்தது.

ஆறு எழுத்து. ஐந்து இல்லை.

ஜி, என் என்று முடிகிற ஆறெழுத்துச் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிசைன் அதில் ஒன்று, ரிசைன் ஒன்று. கொம்பும் வயிறுமாகத் தொடங்குவது அதில் ஒரே ஒரு ஆள்.

"பெனிக்ன்" என்றேன்.

அப்படி ஒரு சொல்லே இங்கிலீஷில் கிடையாது என்றார் புரூமே. இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஃபைலில்கூடப் பார்த்ததில்லையாம். உங்க ஃபைலுக்கு அது வந்திருக்காது, அதுக்கு வேற வேலை இருந்திருக்கும் என்றேன். முன்பு சிரித்தவர்கள் இப்போதும் சிரித்தார்கள்.

அக்பெவ்வே சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"மாமூசோ அப்பா, அதுக்கு என்ன அர்த்தம்?"

"கெட்டது ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

கடைசிக் கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுப்பேனே, அதே மாதிரிச் சொன்னேன். குரல் ஆடவில்லை.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, காலையில் வாங்கியதிலிருந்து தொடாமலே வைத்திருந்த அவித்த கடலைப் பொட்டலத்தை எடுத்தாள். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். புரூமேவுக்கும் ஒரு பிடி கொடுத்தாள்.

கடலை தீருவதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். டாக்டர் தாளைக் கேட்கிறார் என்று வாங்கி, நின்றபடியே பார்த்தார். ஏதோ பினைன் என்றார்.

எனக்கும் அக்பெவ்வேவுக்கும் அது விளங்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் அது வேறு ஏதோ சொல் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஆறு எழுத்தையும் மனசுக்குள் மறுபடி எண்ணினேன்.

"கெட்டது இல்லம்மா, வெறும் கொழுப்புக் கட்டி. டாக்டர் ஒரு தடவை பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"தெரியும் சிஸ்டர்" என்றாள் அக்பெவ்வே, மடியில் விழுந்த கடலைத் தோலைத் தட்டிக்கொண்டே. "இவரு அப்பவே படிச்சுச் சொல்லிட்டாரு."

புரூமே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார்.

கொட்டகை என்றேன்.

எங்கள் கொட்டகையில் சொல்லைப் படிப்போம். எத்தனை எழுத்து, எதற்கு அடுத்து எது, எதோடு எது சேரும், அவ்வளவுதான். அர்த்தத்தை யாரும் படிப்பதில்லை. ஆட்டத்தில் அதை யாரும் கேட்பதும் இல்லை. பினைன் என்று சொல்ல வேண்டிய அந்த ஆறெழுத்தை வைத்து நான் நாலு ஆட்டம் ஜெயித்திருக்கிறேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று, நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.