டெலியா வீட்டுக் கூரை

"கட்டி கொண்டு வராதவங்க வெளியவே நில்லுங்க."

சனிக்கிழமை சாயங்காலமானால் டெலியா லாவெல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். மேயோ கடற்கரையில் எங்கள் ஊருக்கே ஒரு டெலிவிஷன்தான். அது அவள் வீட்டில் இருந்தது. பாஸ்டனில் இருந்த தம்பி வாங்கித் தந்தது.

சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் எங்களுக்கு விறகு. பள்ளிக்கூடக் கணப்புக்கு ஆளுக்கு ஒன்று கொண்டுபோவோம். டெலியா இரண்டு கேட்டாள்.

"வாத்தியாரே ஒண்ணுதான் கேக்குறாரு. கஞ்சப் பொம்பள," என்பான் பக்கத்து வீட்டு ஃபெஸ்டி.

"காதுல விழுதுடா. நீ போய் கம்பியப் பிடி."

குதிரைச் சண்டைப் படம் ஓடும்போது கடல்காற்றுக்கு ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஃபெஸ்டி மதில்மேல் ஏறிப் பிடித்துக்கொள்வான்.

"இப்போ தெரியுதா?"

"ஆளு தெரியுது. குதிரையக் காணோம்."

"இப்போ?"

"குதிரை வந்துருச்சு. ஆளு போயிட்டாரு."

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆறு மணிக்கு டெலிவிஷனில் ஜெப மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து சிலுவை போடுவோம். செய்தி வாசிப்பவர் வருவதற்குள் டெலியா தலை வாரிக்கொள்வாள். "நேரா நம்மளையே பாக்குறாரு மனுஷன். பரட்டைத் தலையோடவா உக்கார்றது?"

எனக்குத்தான் சிரிப்புக்கு நடுவிலும் ஒரு பயம்.

அந்த வருஷம் வசந்தத்தில் அப்பா இறந்துபோனார். சதுப்பில் இறங்கி வெட்ட எங்களுக்கு ஆள் இல்லை. அம்மா யாரிடமும் கை நீட்ட மாட்டாள். யாரோ ஒரு மூட்டை மண்கட்டி கொண்டுவந்ததை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஆனால் எங்கள் கொட்டகை நிறையக் கட்டி இருந்தது. அத்தனையும் டெலியாவுடையது.

"அவ கொட்டகைக் கூரை ஒழுகுதாம். பாவம், இங்க வச்சுக்கன்னுட்டேன்," என்பாள் அம்மா பெருமையாக. "அப்படியே கிடந்தா பூசணம் பிடிக்குமாம். தினம் கொஞ்சம் எடுத்து எரிச்சா அவளுக்குத்தான் உதவியாம். ஒத்தப் பொம்பள, நாம செய்யாம யாரு செய்வா?"

அந்தக் குவியலிலிருந்துதான் நான் வாரம் இரண்டு கட்டி திருடினேன். டெலியாவின் கட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டுபோய் டெலியாவிடமே கொடுத்தேன்.

அவள் கையில் தூக்கிப் பார்ப்பாள். "நல்லாக் காஞ்சிருக்கேடி ஊனா. யாரு வெட்டினது?"

"தெரியல அத்தை."

"யாரா இருந்தாலும் கைகாரிதான்."

என் காது இரண்டும் சுடும். வாராவாரம் பாவசங்கீர்த்தனத்தில் என் திருட்டைக் கேட்டுக்கேட்டு ஃபாதருக்கே அலுத்துவிட்டது.

"மறுபடியும் கட்டியா?"

"ஆமா ஃபாதர்."

"எத்தனை?"

"ரெண்டுதான் ஃபாதர்."

"சரி. மூணு அருள்நிறைந்த மரியே சொல்லிட்டுப் போ. இனி வேண்டாம்."

படம் பார்க்க வேண்டுமே, என்ன செய்வது?

ஒரு சனிக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. உட்கார இடம் போதவில்லை. "ஊனா, பின்னால கொட்டகையில ஒரு முக்காலி கிடக்கு, ஓடிப் போய் எடுத்துட்டு வா," என்றாள் டெலியா.

கதவைத் திறந்தேன். கூரைத் தகரத்தில் மழை தடதடவென்று அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. தரையில் தூசி பறந்தது. முக்காலியைத் தவிரக் கொட்டகை காலி.

அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். தான் என்னை எங்கே அனுப்பினோம் என்பது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, டெலியா நனைந்துகொண்டே ஓடி வந்து நின்றாள்.

"ஒழுகலையே அத்தை."

"ஒழுகுது."

"எங்க?"

"நான் ஒழுகுதுன்னா ஒழுகுது. உங்கம்மா காதுக்கு வேற மாதிரி போச்சு, அப்புறம் உனக்குக் குதிரையும் கிடையாது, ஆளும் கிடையாது." என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "கட்டியை இனிமே கோட்டுக்குள்ள வைக்காதடி. அழுக்காகுது. கையிலயே எடுத்துட்டு வா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "இந்த மழைக்கு டெலியா கொட்டகை என்ன கதியாச்சோ. பாத்தியா?"

"பாத்தேம்மா. சல்லடையா ஒழுகுது."

"பாவம். இன்னும் நாலு கட்டி போடு, நல்லா எரியட்டும்."

திருட்டையெல்லாம் வாரம் தவறாமல் ஃபாதரிடம் சொன்னவள்தான் நான். அந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.