முப்பத்தொன்றாம் கோடு

தெருவில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை தெரிந்த ஞானசவுந்தரி, மாடியில் குடியிருக்கும் அன்பரசியின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள். சிறுநீரக முகாமில் மாதத்தின் முதல் செவ்வாயன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பவர்களுக்குத் திரையில் ஆளுக்கொரு கோடு; பெயர் கிடையாது, நம்பர்தான். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டால் கோடு அங்கேயே நின்று ஒரு பெருக்கல் குறி விழும். கோட்டின் போக்கை வைத்து, அது எப்போது நிற்கும் என்று கணிப்பதுதான் அன்பரசியின் வேலை.

“முப்பத்தொண்ணாம் நம்பரப் பாருங்கக்கா. ஆறு மாசமா ரத்தத்துல உப்பு ஜம்முனு இறங்குது. ஆயுசு கெட்டி.”

“அடியே, அது டெய்லர் சூசைராஜ் நம்பர்டி! தையல் மெஷினுக்கு மேல அந்த நம்பர் போட்ட முகாம் அட்டையத்தான் மாட்டி வச்சிருப்பாரு. அவர் செத்தே ஆறு மாசமாச்சு!”

“அப்ப அந்த அட்டையோட வந்து ரத்தம் குடுக்குறது யாரு?”

முதல் செவ்வாய்தோறும் சூசைராஜின் மனைவி ரெஜினா நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்புவதையும், முந்தானையால் முழங்கை மடிப்பை மூடியபடி திரும்புவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தவள் ஞானசவுந்தரி. எவனைப் பார்க்கப் போகிறாளோ என்று தெருவெல்லாம் கதை கட்டியவளும் அவளேதான்.

“நல்லாத் தெரியுமாக்கா, செத்துட்டாரா? பெருக்கல் குறி போட்டுடவா?”

“எனக்கென்னடி தெரியும்?” என்றாள் ஞானசவுந்தரி, வாழ்க்கையில் முதல் தடவையாக.