இரண்டு மகள்களுக்கும் ஒரே குரல்

காலை வெயில் மேசைமேல் விழுந்திருக்கிறது. புது ஹார்ட் டிஸ்க்கில் பாட்டுகளைப் பதிய எந்த ஃபைல் சிஸ்டம் போடலாமென்று கம்ப்யூட்டர் மெக்கானிக் யோசிக்கிறான். எதிரே தையல்காரம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். “பெரியவகிட்ட மேக் கம்ப்யூட்டர், சின்னவகிட்ட விண்டோஸ், தம்பி. அவங்கப்பா போயிட்டாரு, பாடினது மட்டும்தான் இருக்கு. எனக்குக் கேக்கலையேன்னு ஒருத்தி மூஞ்சியத் தூக்கினா நான் தாங்கமாட்டேன்.” “அக்காளும் தங்கச்சியும் ஒத்துப்போகாட்டியும் இது ஒத்துப்போகும்மா” என்று சிரித்தபடி, இரண்டு கம்ப்யூட்டரிலும் திறக்கும் எக்ஸ்ஃபாட் முறையைத் தேர்ந்தெடுக்கிறான். பாட்டுகளை ஏற்றியதோடு அவன் வேலை முடிகிறது. ஆனாலும் மனம் கேட்காமல், கடையிலிருக்கும் மேக்கிலும் விண்டோஸிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கிறான். இரண்டிலும் அந்த மனிதர் தொண்டையைச் செருமிவிட்டுப் பாட ஆரம்பிக்கிறார். இரண்டு முறையும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொள்கிறாள்.