வாசலுக்கு ஒரு வளையம்

கதவில் அலங்காரமாகத் தொங்கிய பைன் இலை வளையத்தைப் பிய்த்துப் பனியில் வீசினாள் ஹேசல். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கையுறையில்லாத விரல்கள் குளிரில் மரத்துப்போவது போல, உள்ளேயும் எல்லாம் மரத்துக் கிடந்தது.

எதிர்ச்சாரி வீட்டு லோர்னா பூட்ஸ் புதையப் புதைய நடந்து வந்தாள். வளையத்தை எடுத்து உதறி, அதே ஆணியில் திரும்ப மாட்டினாள்.

"உக்காந்து உக்காந்து பின்னி இடுப்பே போச்சு எனக்கு. தூக்கிப் போடறதா இருந்தா புது வருஷம் பொறந்தப்புறம் போடு."

"எனக்கு இதெல்லாம் வேண்டாம், லோர்னா."

"வேணுமான்னு உன்னை யார் கேட்டா? தெரு முழுக்க மாட்டியாச்சு. உன் வாசல் மட்டும் மொட்டையா நிக்கணுமா?"

பார்சல் கொண்டுவந்தவன் தெருவில் நின்று அலுத்துக்கொண்டான். "எல்லா வீட்லயும் நம்பர் மேலேயே மாட்டி வெச்சிருக்கீங்களே. நான் என்ன ஜோசியமா பாக்கறது?"

"இத்தனை வருஷமா வர்றே. மோந்து பாத்துக் கண்டுபிடி போ" என்றாள் லோர்னா.

ஹேசல் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். பெட்டி பாதி கட்டியபடி கிடந்தது. பனி அள்ளும் வண்டி இன்னும் வரவில்லை. அவள் கார் இருந்த இடத்தில் வெள்ளை மேடு ஒன்றுதான் தெரிந்தது.

இந்தத் தெருக்காரர்களின் அன்புதான் அவளை மாட்டிவிட்டது. போன வாரம் எல்லாரும் நடுத்தெருவில் கூடிச் சூடாக கோகோ குடித்தபோது, அவளையும் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அதே தெருக்காரர் விர்ஜில் எடுத்த படம், தெருவின் பெயரோடு, ஊரின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறிவிட்டது.

ஹேசல் என்பது அவள் பெயரே இல்லை. கோடையில் கணவன் கர்ட்டிஸிடமிருந்து ஒற்றைப் பையோடு ஓடி வந்தவள் வைத்துக்கொண்ட பெயர். கடைசியாக அவன் உடைத்தது அவள் கையை. அடுத்த தடவை கையோடு விடமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி அவள் கெஞ்சியபோது லோர்னா ஏன் என்று கேட்கவில்லை. உடனே எடுக்க வைத்தாள். அதற்குள் அது எத்தனை போன்களுக்குப் போயிருந்ததோ.

மத்தியானம் பனி அள்ளும் வண்டி வந்தது. அதன் பின்னாலேயே பச்சை நிற டிரக் ஒன்று ஊர்ந்து வந்தது. அந்த டிரக்கை அவளுக்குத் தெரியும்.

திரைச்சீலை இடுக்கில் பார்த்தாள். லோர்னா வீட்டுப் படியில் கர்ட்டிஸ் நின்றான். போனை நீட்டிக் காட்டினான். லோர்னா சிரித்தாள், உள்ளே போய்த் தட்டு நிறைய பிஸ்கட் கொண்டுவந்து நீட்டினாள். பிறகு தெருக்கோடிப் பக்கம் கை காட்டினாள். கோடி வீடு ஹேசலுடையது.

அவன் அடுத்த வீட்டுக்குப் போனான். அதற்கடுத்த வீட்டுக்கும் போனான். விர்ஜில் அவன் தோளில் கைபோட்டுப் பேசினார். எல்லார் முகத்திலும் சிரிப்பு. எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது.

ஹேசல் மாடிப்படியில் உட்கார்ந்தாள். ஓடத் தோன்றவில்லை. பயமும் வரவில்லை. யாருக்கோ நடக்கப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. டிரக்கின் உறுமல் நெருங்கியது, வாசல்வரை வந்தது. பிறகு அவள் காதில் எதுவுமே விழவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"நான்தான். தெற."

லோர்னா தனியாக நின்றாள். தெருவில் டிரக் இல்லை.

"உன் புருஷனாமே அவன்? வாய் நெறைய பிஸ்கட்டை முழுங்கினான். வீடு வீடா ஏறி எறங்கினான். எல்லாருமே ஒரே பதிலைச் சொல்லி, நெடுஞ்சாலைக்கு வழி காட்டி அனுப்பிட்டோம்."

"என்ன சொன்னீங்க?"

லோர்னா பூட்ஸிலிருந்த பனியைப் படியில் தட்டினாள்.

"நீ போன வாரமே ஊரை விட்டுப் போயிட்டே."